டேம்பர் பூட்டினால் உதறல் போய்விடுமா?

கல்முனையிலிருந்து தெற்கே போகும் ஏ4 வீதியில், அக்கரைப்பற்றைத் தாண்டியதும் நெரிசல் குறைந்து வேகமுள் எழுபதைத் தொடும். பழைய ஜீப்பின் நோய் வெளிப்படுவது பெரும்பாலும் அங்கேதான். பாலமும் தாரும் சேருமிடத்தில் சின்னதாக ஒரு தட்டு. மறுகணமே ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்கும். டேஷ்போர்டு அதிரும், பக்கத்தில் இருப்பவர் கலிமா சொல்வார். வாகனம் ஊர்கிற அளவுக்கு வேகம் இறங்கும்வரை அது ஓயாது.

அடுத்த நாள் கராஜில் கேட்கும் வசனமும் ஏறக்குறைய ஒன்றுதான்: "டேம்பர் ஒண்டு மாத்திப் பாப்பம்."

ஸ்டியரிங் டேம்பர் என்பது படுக்கையாகப் பூட்டிய ஷொக் அப்சோபர். ஒரு முனை ஸ்டியரிங் கம்பியிலும், மறுமுனை எக்ஸலிலோ சேஸியிலோ இருக்கும். சக்கரம் திடீரெனத் திரும்ப முயன்றால் உள்ளேயிருக்கும் எண்ணெய் அதைத் தடுக்கும். இதைப் பூட்டுவதை ஏமாற்று வேலை என்று ஒதுக்குவது நியாயமில்லை. லான்ட் ரோவர் டிஃபென்டர் தொழிற்சாலையிலிருந்தே டேம்பரோடுதான் வந்தது. தேய்ந்து எண்ணெய் கசிந்தால் மாற்றத்தான் வேண்டும். அரை மணி நேர வேலை. பெரும்போக அறுவடையில் வட்டையிலிருந்து நெல் மூட்டை ஏற்ற வேண்டியவரிடம் வாகனத்தை மூன்று நாள் விட்டுவிட்டுப் போகச் சொல்ல எந்த பாஸுக்கும் மனம் வராது. பொருளாதாரமும் இந்தப் பக்கமே சாய்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. கிழவனான ஜீப்பை எப்படியாவது ஓட்டிக்கொண்டிருப்பதைத் தவிர அந்த ஐந்து வருடத்தில் வேறு வழி இருக்கவில்லை.

சிக்கல் எங்கே என்றால், உதறலைத் தொடங்கி வைப்பது டேம்பர் அல்ல.

டிஃபென்டர், மிட்சுபிஷி ஜீப், பழைய ஹைலக்ஸ் ஆகியவற்றில் முன் எக்ஸல் ஒரே துண்டு. ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால் எக்ஸல் முழுவதும் சரியும். வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சரித்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். பம்பரத்தின் இயல்பு அது. அந்தத் திருப்பம் மறு சக்கரத்தையும் இழுக்க, எக்ஸல் எதிர்ப்பக்கம் சரிய, ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் ஆட்டம் பிறக்கும். 1930களில் அமெரிக்கக் கார்க் கம்பெனிகளுக்கு இதே தலைவலி இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸில் மொரிஸ் ஒலி போன்ற பொறியியலாளர்கள் உழைத்து, 1934 மாடல்களில் முன்சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். காட்டுக்கும் சேற்றுக்கும் பலம் வேண்டுமென்று பழைய எக்ஸலையே வைத்துக்கொண்ட ஜீப்புகள் அந்தத் தலைவலியையும் சேர்த்தே வைத்துக்கொண்டன.

ஆனால் மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் ஆட்டம் வளர இடமில்லை. கிங் பின், டை ரொட் எண்ட், டிஃபென்டரில் பன்ஹார்ட் ரொட்டின் புஷ் என்று எங்காவது இளகல் இருக்கும்போதுதான் அது வேர்பிடிக்கிறது.

எல்லா அதிர்வும் இந்த நோயல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயலில் இறங்கி வந்த வாகனத்தின் ரிம்முக்குள் களி ஒட்டிக் காய்ந்திருந்தாலும் ஸ்டியரிங் நடுங்கும். அந்த நடுக்கம் குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் குறையும். பள்ளமும் மேடும் அதற்குத் தேவையில்லை. நாம் பேசும் உதறலோ ஒரு தட்டுக்காகக் காத்திருக்கும். இரண்டும் கைகோப்பதும் உண்டு. 7.50-16 டயர் மணிக்கு 70 கிலோமீட்டரில் வினாடிக்கு ஏறக்குறைய எட்டு முறை சுழல்கிறது. இளகிய ஸ்டியரிங் ஆட விரும்பும் வேகமும் அதற்கு அருகில்தான் இருக்கும். எனவே ரிம்மைக் கழுவி, வீல் பேலன்ஸ் பார்த்து, மணலுக்காகக் குறைத்த காற்றைத் திரும்ப அடிப்பது முதல் வேலை. செலவும் மிகக் குறைவு.

புதிய டேம்பரின் உண்மையான குற்றம், அது வேலை செய்வதுதான். சில மாதம் உதறல் நிற்கும். அதற்குள் புஷ் இன்னும் தேயும், போல்ட்டுத் துளை நீள்வட்டமாகும். அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான் நடந்தது, அங்கே நீதிமன்றத்தில். 2018இல் வெளிவந்த புதிய ஜீப் ரேங்ளர் உதறியபோது, மறுஆண்டு கம்பெனி திருத்திய டேம்பரைப் பூட்டிக் கொடுத்தது. மூலக் காரணத்தை அது மூடி மறைக்கிறது என்பது வழக்குப் போட்ட உரிமையாளர்களின் வாதம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம், இரண்டு பேர் போதும். வாகனம் தரையிலேயே நிற்க, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் சிறிதளவு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இளகலும் விரலுக்குத் தெரியும். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டலாம். ஆட்டம் தெரிந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும்: மறைந்தால் வீல் பெயாரிங், மறையாவிட்டால் கிங் பின். ஜாக்கியில் தூக்குவதைப் பலரும் செய்கிறார்கள். கீழே படுப்பதைத்தான் தவிர்க்கிறார்கள். வீல் அலைன்மென்ட் மெஷின் நின்ற நிலையில் கோணத்தை அளக்குமே தவிர, பாரம் விழும்போது மூட்டு எவ்வளவு நகர்கிறது என்று சொல்லாது. இளகிய மூட்டை வைத்துக்கொண்டு செய்த அலைன்மென்ட் வீதிக்கு இறங்கியதும் கலையும்.

இன்னொரு பழக்கம் ஸ்டியரிங் பொக்ஸின் திருகை இறுக்குவது. விளையாட்டு குறைந்ததுபோல் தோன்றும், ஆனால் வளைவில் திரும்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது. இதை ஆதரித்துச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை.

கவனிக்காமல் விடப்படுவது காஸ்டர் கோணம். சக்கரத்தைத் தானாக நேராக்குவது அதுவே. டிஃபென்டரில் அது ஏறக்குறைய 3 பாகை. பாரம் தாங்கவென்று பின்பக்க ஸ்பிரிங்கைப் பலப்படுத்தி 5 சென்டிமீட்டர் உயர்த்தினால், 110 அங்குலச் சக்கர இடைவெளியில் வாகனம் ஒரு பாகை முன்னே குனியும். மூன்றில் ஒன்று போயிற்று. மூட்டையோடு போகும்போது அமைதியாக இருந்த வாகனம் வெறுமையாகத் திரும்பும்போது உதறுவதற்கு இது ஒரு விளக்கம். பாணமை வழியாகக் குமண தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் சஃபாரி வாகனங்களிலும் பின்புறம் உயர்த்தப்பட்டிருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முறையான வழிக்கும் குறைகள் உண்டு. புஷ் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வர வேண்டும். மலிவான போலி ரப்பர் சீக்கிரமே நசுங்கும். எல்லா மூட்டையும் ஒரேயடியாக மாற்று என்பவர், ஒன்றையும் கண்டுபிடிக்காமல் பில்லை மட்டும் பெருக்குகிறார். அரசாங்கப் பரிசோதனையை நம்பவும் முடியாது; வருடாந்த வாகன வரிப்பத்திரத்துக்குக் கேட்கும் புகைச் சான்றிதழ் புகையை மட்டுமே பார்க்கிறது.

ஆகவே டேம்பரை வாங்கினாலும் முதலில் அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். விரல் வைத்துப் பார்த்து, தேய்ந்த மூட்டை மாற்றி, பழைய டேம்பரைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத வீதியில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி ஒரு சிறு மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் உதறினால் திரும்பவும் ஜீப்புக்குக் கீழேதான் படுக்க வேண்டும். உதறாவிட்டால் புதியதைப் பூட்டி வாகனத்தை உரிமையாளரிடம் கொடுத்துவிடலாம்.