லாயத்தில் தொடங்கும் கலை

நன்றாகக் குதிரை ஓட்டுகிறவரைப் பார்த்தால் அவர் எதையும் செய்வதாகவே தெரியாது. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், கை ஆடாது, கால் உதைக்காது, வாயிலிருந்து அதட்டல் வராது. ஆனால் நடந்துகொண்டிருந்த குதிரை திடீரென்று ட்ராட் என்ற குதிநடைக்கு மாறும், வளைவில் கேன்டர் என்ற மெல்லோட்டம் எடுக்கும், மைதானத்தின் நடுவுக்கு வந்து நான்கு கால்களையும் சீராக ஊன்றி நிற்கும். இதை ரசிக்க விரும்புகிறவர் கண்ணைச் சவாரிக்காரரிடமிருந்து எடுத்துக் குதிரையின் மேல் வைக்க வேண்டும். ஒரு காது பின்னால் திரும்பி மேலே இருப்பவரைக் கவனிக்கிறதா, வால் தளர்ந்து ஆடுகிறதா, இல்லை எரிச்சலில் விசிறியடிக்கிறதா, வாய் கடிவாளத்தை மெல்ல மென்றுகொண்டிருக்கிறதா, இல்லை திறந்து விலகப் பார்க்கிறதா என்று கவனித்தாலே சவாரியின் தரம் பாதி தெரிந்துவிடும். மீதியை நம் காது சொல்லும். வாக் என்ற சாதாரண நடையில் நான்கு அடி, ட்ராட்டில் இரண்டு, கேன்டரில் மூன்று. கேன்டரில் முதலில் ஒரு பின்னங்கால், அடுத்துக் குறுக்காக இரண்டு கால்கள் சேர்ந்து, கடைசியில் ஒரு முன்னங்கால், பிறகு நான்கு கால்களும் நிலத்தை விட்டெழும் ஒரு கணம். நல்ல சவாரியில் ஒரு நடையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாற்றம் சதுசிரத்திலிருந்து திசிரத்துக்குப் போகும் மிருதங்கக்காரரின் கைபோலத் தடுமாறாமல் நடக்கும். நம் பழைய உரைகாரர்கள் குதிரைக்கு ஐங்கதியும் பதினெட்டுச் சாரியும் என்று கணக்குச் சொன்னார்கள். பார்க்கத் தெரிந்த கண்கள் இங்கே முன்பே இருந்திருக்கின்றன.

சவாரிக்காரர் தரும் சைகைகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம் குதிரையின் தோல். ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறிவிடும் பிராணி அது. சவாரிக்காரர் மூச்சை அடக்கினாலும், இடுப்பை ஒரு விரற்கடை முன்னே தள்ளினாலும், கெண்டைக்காலைச் சற்று அழுத்தினாலும் அதற்குத் தெரிந்துவிடும். பலம் இங்கே எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்பதற்கு டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1944இல் இளம்பிள்ளைவாதம் தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்துபோன பெண் அவர். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் துணை வேண்டியிருந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் குதிரையின் நடையழகைச் சோதிக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் பெண்கள் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டார்கள். ஜூபிலி என்ற குதிரையில் ஆண்களோடு போட்டியிட்டு அவர் வெள்ளி வென்றார். 1956இல் மறுபடியும் வெள்ளி. கால்பலம் இல்லாத ஒருவர் உலகின் மிகச் சிறந்த ராணுவச் சவாரிக்காரர்களுக்கு இணையாக நின்றார் என்றால், குதிரையோடு பேச அவர் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த வழியைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து சொல்லித்தருவது என்பதே குதிரையேற்றக் கல்வியின் முதல் கேள்வி. சேணத்தின் மேலிருந்து அதைச் சொல்லித்தர முடியாது, லாயத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

குளம்பைச் சுத்தம் செய்வதையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை குதிரையின் வால்பக்கம் பார்த்து, அதன் தோளை ஒட்டி நிற்க வேண்டும். கையைத் தோளில் வைத்து, எடுக்காமல் அப்படியே முன்னங்காலின் பின்பக்கமாகக் கீழே இறக்க வேண்டும். கணுக்கால் அருகே லேசாகப் பிடித்தால், பழகிய குதிரை எடையை மற்ற மூன்று கால்களுக்கு மாற்றிக்கொண்டு குளம்பைத் தானே தூக்கித் தரும். அடிப்பக்கத்தில் முக்கோணமாக, ரப்பர்போல மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் இருபக்கக் குழிவிலும் சாணியும் கல்லும் அடைந்திருக்கும். கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனியை நோக்கி ஓட்டி அவற்றை எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக ஓட்டினால் மெத்தான பகுதி கிழியும். நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. சூடாக இருந்தால் உள்ளே வீக்கம். சில நிமிட வேலைதான். இதற்குள் அந்தப் பிள்ளை எங்கே நிற்க வேண்டும், கையை எப்படித் திடீரென்று நீட்டாமல் கொண்டுபோக வேண்டும், ஐந்நூறு கிலோ எடையுள்ள உயிர் தன் காலை நம்பிக் கொடுக்கும்வரை எப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதைக் கற்றுவிடுகிறது. கேன்டரில் கைவிரல் கடிவாள வாரைப் பிடிக்க வேண்டிய பக்குவமும் இதுதான். சேணம் பூட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும் என்பதும், வாரை ஒரே இழுப்பாக இறுக்காமல் இரண்டு மூன்று தடவையாக இறுக்க வேண்டும் என்பதும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது என்பதும், சின்ன வயிறு என்பதால் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை வைக்க வேண்டும் என்பதும், குதிரையால் வாந்தி எடுக்க முடியாததால் வயிற்றுவலி உயிருக்கே உலைவைக்கும் என்பதும் எல்லாம் நிலத்தில் நின்று படிக்கிற பாடங்கள்.

இதை மத்திகிரி என்ற ஊரை முன்வைத்துச் சொல்லக் காரணம் உண்டு. ஓசூரிலிருந்து தளி போகும் வழியில் இன்று இந்தப் பெயரைச் சொன்னால் டைட்டன் குடியிருப்பும் 'கேட்டில் பாரமும்' நினைவுக்கு வரும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பேர்போன அந்த அரசு கால்நடைப் பண்ணை, 1824இல் குதிரைக்காகத் தொடங்கப்பட்டது. 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரம், சமவெளியின் வெக்கை இல்லாத காற்று என்று பார்த்துத்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படை இந்த இடத்தைத் தேர்ந்தது. படைக்குக் குதிரை பழக்கிக் கொடுக்கும் இப்படிப்பட்ட நிலையத்துக்கு ரிமௌண்ட் டிப்போ என்று பெயர். மனிதரைச் சுமந்தறியாத இளங்குதிரைகள் அங்கே வரும். அவற்றைச் சீராட்டி, நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டி, முதுகில் துணியும் பிறகு சேணமும் பிறகு ஆளும் ஏற்றிப் பழக்கி ரெஜிமெண்டுக்கு அனுப்புவார்கள். இருபதாம் நூற்றாண்டில் பண்ணை கால்நடைத் துறையின் கைக்குப் போனது; குதிரைப்படைகளின் காலமும் முடிந்தது. குதிரையைப் பழக்குவதும் பேணுவதும் ஒரு முழுநேரப் படிப்பாக, பல தலைமுறை ஆட்களின் கைத்தொழிலாக இருந்த ஊர் இது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் திப்பு காலத்திலிருந்து தொடரும் குனிகல் குதிரைப் பண்ணை இருக்கிறது. பெங்களூரைச் சுற்றிச் சவாரிப் பள்ளிகள் இருக்கின்றன. ஓசூர்ப் பிள்ளைகள் குதிரை ஏற விரும்பினால் அத்திப்பள்ளி தாண்டிப் போகிறார்கள். சொந்த மண்ணின் நினைவு அவர்களுக்கு யாரும் சொல்லித்தராததாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்குக் குதிரை எப்போதும் வெளியிலிருந்து வந்த பொருள். சங்க காலத்திலேயே கடல்வழியாக வந்தது. மாணிக்கவாசகர் கதையே குதிரை வாங்கப் பணத்தோடு போன அமைச்சரின் கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகள் இறங்கியதையும், பேணத் தெரியாததால் அவற்றில் மிகப் பெரும்பகுதி ஓராண்டுக்குள் செத்ததையும் எழுதுகிறார். குதிரை வைத்தியரும் லாடம் கட்டுகிறவரும் இங்கே வராதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள், குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பல் விற்கும் என்பது அவர் தரும் விளக்கம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். உப்புக்காற்றும் வெயிலும்கூட எத்தனையோ குதிரைகளைக் கொன்றிருக்கும். இருந்தாலும் அவர் தொட்ட இடம் சரியான இடம். குதிரையைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், அதைப் பற்றிய அறிவு கூடவே கப்பலில் வந்துவிடாது. நம் கற்பனையிலும் இந்தக் குறை படிந்திருக்கிறது. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் குதிரைகள் முன்னங்கால் தூக்கிப் பாய்கின்றன. கடிவாளமும் வாரும் அணியும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கல் முழுக்க வீரனின் பெருமைதான் பேசுகிறது. தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் நாம் கொண்டாடுவது யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கிய தேசிங்குராஜனை. விராட நகரத்து லாயத்தில் ஓராண்டு குதிரைகளோடு வாழ்ந்த நகுலனை நாம் அந்த அளவுக்குக் கொண்டாடியதில்லை. பிள்ளைகளுக்கு என் தேர்வு நகுலன்தான். அடக்குகிறவனின் குதிரை அவன் பலம் இருக்கும்வரை கேட்கும். லிஸ் ஹார்டெல் போன்ற ஒருவருக்கு அந்த வழி திறந்திருக்கவே முடியாது.

இது பணக்காரர் வீட்டு விளையாட்டு, தொழிற்பேட்டைத் தொழிலாளியின் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வென்றார்கள். நாற்பத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த குதிரையேற்றத் தங்கம் அது. அந்த இளைஞர்கள் ஐரோப்பாவில் பயிற்சி பெற்றவர்கள். பெங்களூரின் ஃபவாத் மிர்ஸா 2018இல் ஜகார்த்தாவில் இரண்டு வெள்ளி வென்றதற்கும், டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆவதாக வந்ததற்கும் பின்னால் பெரிய நிறுவனத்தின் ஆதரவு இருந்தது. உலகப் போட்டிக்கான குதிரையின் விலை நடுத்தரக் குடும்பத்தின் கனவிலும் அடங்காது, இதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய தங்கங்களில் ஒன்றை யார் வென்றார் என்று பார்க்க வேண்டும். 1982இல் டெல்லியில் வென்ற ரகுபீர் சிங், 61ஆவது குதிரைப்படையின் தஃபேதார். குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, குளம்பு பார்த்து வளர்ந்த படைவீரர் மரபு அவருடையது. தமிழ்நாட்டிலும் குதிரை அறிவு மாளிகைகளில் இல்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனால், பல்லைப் பார்த்து வயது சொல்கிறவர்களும், சுழி பார்க்கிறவர்களும், நடையில் இருக்கும் நொண்டலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவர்களும் வேட்டி கட்டிய சாதாரண ஆட்கள். பிள்ளைக்குத் தனிக்குதிரை வேண்டும் என்று நினைத்தால்தான் இது பணக்காரர் விஷயமாகிறது. அமைதியான நாட்டுக்குதிரைகள் சிலவும் ஒரு லாயமும் இருந்தால் ஐம்பது பிள்ளைகள் முறைபோட்டுப் பேணலாம். பேணும் வேலையே கல்வி என்று ஒப்புக்கொண்டால் செலவும் குறைகிறது. 1929இல் இங்கிலாந்தில் தொடங்கிய போனி கிளப், சவாரியோடு லாயப் பராமரிப்பையும் தேர்வில் வைத்தது. நம் நாட்டிலும் என்.சி.சி.யின் ரிமௌண்ட் மற்றும் கால்நடைப் பிரிவு, கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி இந்த இணைப்பைக் காப்பாற்றி வருகிறது. மத்திகிரியில் நிலம் இருக்கிறது, கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்றும் இருக்கிறது. கோழிக்கான கல்லூரிதான் என்றாலும் கால்நடை மருத்துவர்கள் பக்கத்திலேயே இருக்கிற ஊர் இது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது: பிராணியின் முதுகில் ஏறுவதே கொடுமை இல்லையா? டோக்கியோ ஒலிம்பிக்கில், சவாரியும் ஒரு பகுதியாக இருந்த நவீன பென்டத்லான் போட்டியில் நடந்ததை உலகமே பார்த்தது. முன்னிலையில் இருந்த ஜெர்மானிய வீராங்கனைக்குச் சீட்டுக்குலுக்கலில் கிடைத்த குதிரை தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே சாட்டையை ஓங்கினார். அவருடைய பயிற்சியாளர் குதிரையைக் குத்தி, போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். இதன் பிறகு அந்த விளையாட்டிலிருந்து சவாரியையே எடுத்துவிட்டார்கள். கொடுமைக்குச் சான்றாக இதைக் காட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் போட்டியின் விதியையும் பார்க்க வேண்டும்: முன்பின் அறியாத குதிரை, பழகிக்கொள்ள இருபது நிமிடம். அந்த விதி குதிரையை ஒரு கருவியாக எண்ணியது. கருவி ஓடாதபோது மனிதர்கள் அதை அடித்தார்கள். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்துச் செனபோன், வற்புறுத்திச் செய்யவைப்பதைக் குதிரை புரிந்துகொண்டு செய்வதில்லை, அதில் அழகும் இல்லை என்று தன் குதிரையேற்ற நூலில் வாதிட்டிருக்கிறார். முதுகு புண்பட்ட குதிரைமேல் சேணம் வைக்கக் கூடாது என்று தெரிந்த பிள்ளை, இன்று சவாரி இல்லை என்று தானே முடிவெடுக்கும். அந்த முடிவை எடுக்கத் தெரியாதவரை அதற்குச் சவாரியும் கிடையாது என்று பள்ளி விதி வைக்கலாம். சுற்றுலா ஊர்களில் நாள் முழுக்க ஆள்மாற்றி ஆள் சுமந்து நிற்கும் குதிரைகளைப் பார்த்து மனம் வருந்துகிறவர்கள் உண்மையில் கேட்பது இப்படியொரு விதியைத்தான்.

ஆபத்து இருக்கிறது. நல்ல தலைக்கவசமும், அங்கவடியில் கால் சிக்காதபடி சிறு குதிகால் வைத்த காலணியும், முதல் மாதங்களில் பயிற்றுநர் கையில் நீளக் கயிறும் கட்டாயம். வியன்னாவின் புகழ்பெற்ற சவாரிப் பள்ளியில் சேருகிறவர்களும் அந்தக் கயிற்றில்தான், அங்கவடியும் கடிவாளமும் இல்லாமல், உட்காரப் பழகுகிறார்கள். அவசரப்படாத பள்ளியில் விபத்து குறைவு. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

எனக்கு மிகப் பெரிய தடையாகத் தோன்றுவது வேறு. நம் சவாரிப் பள்ளிகள் பலவற்றில் குதிரையைத் தயார்செய்து நிறுத்துகிறவர் ஒருவர், ஏறுகிறவர் இன்னொருவர். சைஸ் எனப்படும் குதிரைப் பராமரிப்பாளர் விடியலில் லாயத்தைக் கூட்டி, கொள்ளு ஊறவைத்து, தேய்த்து, சேணம் பூட்டிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பிள்ளை காரிலிருந்து இறங்கி ஏறி, முக்கால் மணிநேரம் சுற்றி, வாரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. அந்தக் குதிரைக்கு நேற்று வயிறு சரியில்லை, இடது பக்கம் திரும்பச் சிணுங்குகிறது, பிளாஸ்டிக் பையைக் கண்டால் மிரளும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்; பிள்ளைக்குத் தெரியாது. கலையின் பாதி ஒருவரிடம், மறுபாதி இன்னொருவரிடம் என்று பிரிந்து கிடக்கிறது. சம்பளமும் மரியாதையும் அதேபோலப் பிரிந்திருக்கின்றன. மத்திகிரியில் ஒரு பள்ளி வருமானால், அதன் முதல் ஆசிரியராகச் சைஸை வையுங்கள் என்பேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து புழங்கும் அந்த ஊரில் அவருக்கு மொழி ஒரு தடையாகாது. முதல் மூன்று மாதம் பிள்ளைகள் அவரிடம் நிற்கட்டும்; அவரை அண்ணன் என்றோ மாமா என்றோ கூப்பிடாமல் சார் என்று கூப்பிடட்டும். யார் ஏறலாம், யார் இன்னும் காத்திருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். சான்றிதழில் பயிற்றுநரின் கையெழுத்துக்கு மேலே அவர் கையெழுத்து இருக்கட்டும். அவருடைய பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் கட்டணம் இருக்கக் கூடாது.