பிழை தேடும் கண்

மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் அரை மதிப்பெண் போய்விடும்.

இதில் ரசித்துப் பழக வேண்டியது பிழை கண்டுபிடிக்கும் பகுதிதான். 'ஒன் ஆஃப் தி பாய்ஸ் இன் தி கிளாஸ் ஆர் ஆப்சென்ட்' என்றொரு வாக்கியம். 'பாய்ஸ்' என்ற பன்மை ஆளை மயக்கும். எழுவாய் 'ஒன்' என்று பிடித்துவிட்டால், 'ஆர்' எழுந்துகொள்ள 'இஸ்' வந்து உட்காரும். அந்தக் கணத்தின் சுகமே தனி! 'சின்ஸ்', 'ஃபார்' வேறுபாடும் பயிற்சியில்தான் கைவரும்: தொடங்கிய நேரத்துக்கு முன்னது, கால அளவுக்குப் பின்னது.

விதிகளுக்கு ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூல் இருக்கிறது. சொல்வளத்துக்கு, நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. 1949-இல் வந்த அந்நூல் வேரைக் காட்டிச் சொற்களைக் கொத்தாகத் தருகிறது. நேசத்தைக் குறிக்கும் 'ஃபில்' பிடிபட்டவருக்கு 'ஃபிலாந்த்ரபி'யும் 'பிப்ளியோஃபைல்'உம் ஒரே மாலையில் வசப்படும்.