ரகு தீட்சித்: தத்துவப் பாட்டும் ராக் இசையும்

பாடகர் ரகு தீட்சித் 1974-இல் நாசிக்கில் பிறந்து மைசூரில் வளர்ந்தவர். பரதநாட்டியம் முறையாகப் பயின்றவர். மைசூர் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் முதுகலை முடித்தவர். கிதார் கையில் வந்தது கல்லூரிப் பருவத்தில்தான். அவரது முதல் இசைக்குழுவான ‘அந்தராக்னி’ கலைந்த பின் அவர் அமைத்த ‘ரகு தீட்சித் ப்ராஜெக்ட்’ 2008-இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. 2010-இல் பிபிசியின் ஜூல்ஸ் ஹாலண்ட் நிகழ்ச்சியில் பாடிய பின் பிரிட்டனில் ரசிகர்கள் பெருகினர். 2011-இல் ‘சாங்லைன்ஸ்’ இதழின் புதுமுக விருதும் கிடைத்தது.

அவரது அடையாளமாக நிலைத்தவை சிசுநாள ஷரீஃபின் (1819–1889) கன்னடத் தத்துவப் பாடல்கள். முஸ்லிமாகப் பிறந்து, கோவிந்த பட்டர் என்ற பிராமணரைக் குருவாகக் கொண்ட ஷரீஃப், குணங்குடி மஸ்தான் சாகிபுவைப் போலச் சமய எல்லைகளில் அடங்காத கவி. 1990-இல் வந்த ‘சந்த சிசுநாள ஷரீஃபா’ படத்தின் வழியே இசையமைப்பாளர் சி. அஸ்வத் இப்பாடல்களை ஏற்கெனவே வீடுதோறும் சேர்த்திருந்தார். மெல்லிசையாகப் பழகிய பாட்டை ரகு ராக் மேடைக்குக் கொண்டுபோனார்.

இந்த இணைப்பு பொருந்தியதற்கு இசைக் காரணம் உண்டு. ஏக்தாரியின் ஒற்றை நரம்போடு பாடப்படும் தத்துவப் பாட்டில் சுருதி மாறுவதில்லை. பல்லவி திரும்பத் திரும்ப வரும். அந்த நரம்பின் வேலையைப் பேஸ் கிதார் எளிதாக ஏற்கிறது. குழுவின் பேஸ் கலைஞராகவும் நிர்வாகியாகவும் இருந்த கௌரவ் வாஸ், டிரம்ஸோடு சேர்ந்து தாளத்தைத் தாங்க, மேலே குரலும் வயலினும் தடையின்றி உலவின. ஹார்ட் ராக்கில் எலெக்ட்ரிக் கிதார் எழுப்பும் முழக்கம் இங்கே அடக்கி வைக்கப்பட்டதால், சொற்கள் தெளிவாகக் கேட்டன.

குறைகளும் இதே அமைப்பிலிருந்தே எழுகின்றன. ஷரீஃபின் ‘குடுகுடிய சேதி நோடோ’ ஹுக்காவை முன்வைத்து உடலையும் உயிரையும் பேசும் விடுகதை. கேட்பவர் நின்று யோசிக்க வேண்டிய இடத்தை வேகமான தாளம் கடந்துபோகிறது. கன்னடம் அறியாதவர்களுக்காக மேடையில் பொருளை முன்னரே விளக்கும்போது, விடுகதை அறிவுரையாகச் சுருங்குகிறது.

இன்னொரு குறை நிலம் சார்ந்தது. ஷரீஃப் வட கர்நாடகத்துக்காரர்; ரகு வளர்ந்த மைசூரை ஒட்டிய பகுதியின் பாட்டு மரபு வேறு. மைசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள நஞ்சன்கூடு தொடங்கிச் சாமராஜநகர் வரையிலான பகுதியின் பெருஞ்செல்வம், மண்டேசாமி, மலை மாதேஸ்வரர் என்னும் நாட்டார் தெய்வங்களின் வாய்மொழிக் காவியங்கள். நீலகாரர் எனப்படும் மரபுப் பாடகர்களும் கம்சாளைத் தாளம் இசைக்கும் கலைஞர்களும் இவற்றை இரவு முழுக்கப் பாடுவர். மாதேஸ்வரர் ரகுவின் பெயரோடு சேர்ந்தது ‘சைக்கோ’ (2008) படத்தின் ‘நின்ன பூஜெகெ பந்தே’ பாட்டில். ஆனால் அது தெய்வத்தின் பெயரைச் சொல்லி அழைக்கும் திரைப்பாட்டு. காவியத்தின் கதைசொல்லல் அதில் இல்லை. பல்லவியை நம்பி நிற்கும் ஐந்து நிமிட ராக் வடிவத்தில் நெடுங்கதைக்கு இடம் கிடைப்பது அரிது.

‘ஜக் சங்கா’ (2013) வரையிலான ஆல்பங்களில் கன்னடத்தோடு இந்தியும் ஆங்கிலமும் கலந்தது கேட்பவர் வட்டத்தை விரித்தது. ஆயினும் அவர் குரலின் முழு வீச்சு, சொல்லே கனம் தாங்கும் ஷரீஃபின் பாடல்களில்தான் வெளிப்படுகிறது. பாடகராகவும் மேடைக் கலைஞராகவும் அவர் எட்டிய உயரத்தைப் பாடலாசிரியராக எட்டவில்லை.