மோட்டார் ரூமுக்கு ஒரு போன் கால்

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு, வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். மும்முனை மின்சாரம் இரவு பதினொன்றுக்கு வந்தால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். மோட்டார் ரூம் வாசலில் ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்ததைக் கேள்விப்பட்ட அம்மா, இனி ராத்திரியில் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் மொபைல் ஸ்டார்ட்டர் வந்தது. சித்திரையில் மாட்டியது, ஒரு கோடையையும் ஒரு ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டது.

டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. பழைய ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டியதில்லை, பக்கத்திலேயே மாட்டலாம். உள்ளே ஒரு சிம், இரண்டு ரிலே. ஒன்று பச்சை பட்டனுக்கு இணையாகவும், இன்னொன்று சிவப்பு பட்டனுக்குத் தொடராகவும் சேரும். போன் செய்தால் தமிழில் பேசுகிறது: இயக்க ஒரு எண், நிறுத்த ஒரு எண். பதிவு செய்த நம்பர்களுக்கு மட்டுமே பணியும்.

மாட்ட வந்த வயர்மேன் அண்ணன் ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பி மூடினார். "பொட்டி நல்லாத்தானுங்க இருக்குது. மாட்டப்போற எடந்தான் சரியில்லீங்க." காண்டாக்டர் இடுக்கில் எறும்பு மண். ஒரு டெர்மினலில் செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் ஒன்றாக முறுக்கி விட்டிருந்தார்கள். அந்த இடம் கருகி, தொட்டதும் பிளாஸ்டிக் உதிர்ந்தது. எர்த் கம்பி சுவரோடு இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே துருப்பிடித்து அறுந்து நின்றது. அப்பா காலத்திலிருந்து அந்த இரும்புப் பெட்டியை ஈரக் கையோடு தொட்டுக்கொண்டிருக்கிறோம்!

அன்றைக்குக் கருவி ஏறவில்லை. இரண்டு நாள் எர்த் வேலைதான் நடந்தது. குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல். கருகிய கம்பியை வெட்டி எறிந்து லக் அடித்தோம். கருவியின் விலையில் பாதி இதற்கே ஆனது. அந்தப் பணம்தான் இந்த எட்டு மாதத்தில் நான் செய்த மிக நல்ல செலவு.

இனி கருவிக்கு வருகிறேன். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு ஃபியூஸ் கட்டையை உருவி, போனில் ஆன் கொடுத்தோம். கருவி மோட்டாரைத் தொடவே இல்லை, ஒரு பேஸ் இல்லை என்று திருப்பி அழைத்துச் சொன்னது. அது எளிய சோதனை. கஷ்டமானது, ஓடும்போது ஒரு பேஸ் போவது. அப்போது மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி அந்தக் கம்பியில் வோல்டேஜைக் காட்டும். வோல்டேஜை மட்டும் பார்க்கும் கருவி ஏமாந்துவிடும். மிச்சமுள்ள இரண்டு கம்பியில் கரண்ட் ஏறி ஏறி காயில் கருகும். ஆகவே கரண்டை அளக்கும் சி.டி. வளையம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எங்களுடையதில் இரண்டு இருக்கின்றன. ஆடியில் மேலே லைனில் ஒரு ஃபியூஸ் போனபோது சில நொடிகளில் மோட்டாரை நிறுத்திவிட்டது.

கிணறு வற்றினால் நிறுத்துவதும் நம்பகமாகவே இருக்கிறது. எங்கள் 5 எச்.பி. மோட்டார் தண்ணீர் தள்ளும்போது எட்டரை ஆம்பியர் வரை இழுக்கும். வெறுமனே சுற்றினால் ஐந்துக்கு இறங்கும். அந்த இறக்கத்தை வைத்துத்தான் கருவி கண்டுபிடிக்கிறது. நீர்மூழ்கி மோட்டார் தண்ணீரில்தான் குளிர்ச்சி பெறுகிறது என்பதால் அதற்கு இந்த ஒரு வசதியே போதும்.

குறைகளும் உண்டு. எங்களுடையது 2ஜி மாடல். ஜியோ சிம் எடுக்காது. ரீசார்ஜ் மறந்தால் பெட்டி ஊமை. ஐப்பசியில் விழுந்த ஒரு இடியில் பவர் போர்டு போய்விட்டது. வாரண்டியில் மாற்றித்தந்தார்கள், ஆனால் பன்னிரண்டு நாள் மறுபடி வரப்பில் நடந்தேன். இப்போது சர்ஜ் அரெஸ்டர் மாட்டியிருக்கிறேன். கண்டென்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. அப்படி ஓட்டுவதே மோட்டாருக்குச் சூடு, விட்டுவிடுவது நல்லது.

கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ வசதியைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கிற எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்தால், ஒவ்வொன்றும் வழக்கத்தைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும், வோல்டேஜ் படுத்துவிடும். அதற்குத்தான் தாமத அமைப்பு. பக்கத்துத் தோட்டத்தாரோடு பேசி ஆளுக்கொரு நிமிடமாக வைத்துக்கொண்டோம். இன்னொன்று: 1990 முதல் விவசாயத்துக்குக் கட்டணமில்லா மின்சாரம். பில் வராததால் ஆட்டோவைப் போட்டுவிட்டு மறந்துபோகிறோம், வாய்க்கால் நிரம்பி ரோட்டில் ஓடுகிறது. நான் டைமரில் மட்டும் ஓட்டுகிறேன்.

விலை ஆறாயிரத்துச் சொச்சம். இரவில் நடக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இது தேவை என்பேன். வாங்கும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. புரட்டாசியில் ஒரு நாள் கரண்ட் இல்லாத நேரம் மெக்கானிக் மோட்டார் ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆட்டோவை அணைக்க நான் மறந்துவிட்டேன். கரண்ட் வந்தது, பெட்டி நொடி எண்ண ஆரம்பித்திருக்கும் என்று நினைத்தேன். என் கை நடுங்கியது. அவர் நிமிரவில்லை, சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். மூன்று ஃபியூஸ் கட்டைகளும் அதில் இருந்தன. மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியவர்கள் மோட்டாரில் கை வைக்கும் முன் மெயினை இறக்கிவிட்டு, மூன்று கட்டைகளையும் உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.