கூத்துக்களரியும் மின்மேடையும்

நாடக அரங்கு சுற்றுச்சூழலுக்கு இசைவானதாக மாறவேண்டும் என்ற குரல் அண்மைக்காலத்திலே வலுத்து வருகின்றது. வரவேற்கத்தக்க குரலே. ஆயினும், விளக்கை மாற்றுக, காகிதத்தைக் குறைத்திடுக என்ற அளவிலேயே அது பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. ஓர் அரங்கு எதனை எரிக்கின்றது, எதனை எறிகின்றது என்பதை நிர்ணயிப்பவை அதன் கலைவடிவமும் மண்டபம் யாருடைய உடைமை என்பதுமே. இதனை எடுத்துக்கூறுவோர் மிகச் சிலர்.

2008ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகர முதல்வரின் சார்பில் வெளிவந்த அறிக்கையொன்று, அந்நகர நாடகத்துறை ஆண்டுதோறும் ஏறத்தாழ 50,000 தொன் காபனீரொட்சைட்டை வெளியேற்றுவதாகக் கணித்தது. மேடைவிளக்குகளின் பங்கு அதில் பத்திலொன்று அளவே. பார்வையாளர் கூடும் பகுதிகளையும் ஒத்திகைக் கூடங்களையும் சூடாக்குதல், குளிர்வித்தல், ஒளியூட்டல் ஆகியவையே பெரும்பங்கை விழுங்கின. 2021இல் ஆங்கில நாடகத்துறையினர் வெளியிட்ட பசுமைக் கைந்நூல் பொருள்களைப் பற்றிப் பேசுகின்றது: தயாரிப்பொன்றிற்கான பொருள்களிற் பாதி முன்னர் வேறிடத்திற் பயன்பட்டவையாயிருத்தல் வேண்டும், 65 வீதம் பின்னரும் பயன்படல் வேண்டும். நல்ல விதிதான். ஆனால் தட்டிகளும் பலகைகளும் ஏன் எறியப்படுகின்றன? பெருநகரிலே அவற்றை அடுக்கிவைக்கும் இடத்திற்கான வாடகை, புதிதாகச் செய்யும் செலவை விஞ்சிவிடுகின்றது. நிலம் வாணிபப் பண்டமாயிருக்கும் இடத்திலே தச்சனுக்குச் சிக்கனம் போதித்துப் பயனென்ன?

மேல்நாட்டுக் கலைஞர் சிலர் வடிவத்தையே தொட முயன்றுள்ளனர் என்பதையும் கூறவேண்டும். டங்கன் மக்மிலனின் ‘நுரையீரல்கள்’ என்ற நாடகத்தைக் கேற்றி மிச்செல் 2013இல் பேர்லின் ஷௌபூனே அரங்கிலே தயாரித்தபோது, நடிகர் இருவரும் மிதிவண்டியை மிதித்தவாறே உரையாடினர். அவர்களுடன் வேறு சிலரும் மிதித்து மேடைக்கு மின்னாக்கினர். பயிற்சியுள்ள ஒருவர் தொடர்ந்து மிதித்து ஆக்கக்கூடியது ஏறக்குறைய 100 வாற்று. பழைய மேடைவிளக்கொன்றுக்கோ 1,000 வாற்று வேண்டும். ஒரு விளக்குக்குப் பத்துப் பேரின் வியர்வை! சிக்கன நடவடிக்கை என்ற வகையில் இதன் பெறுமதி சொற்பம். வெளிச்சத்தின் பின்னால் மறைந்துகிடக்கும் உழைப்பைக் கண்முன் நிறுத்தியதே அதன் சிறப்பு.

நம்மவர்க்கு இந்த உழைப்பு மறைபொருளாய் இருந்ததில்லை. மட்டக்களப்பின் வட்டக்களரி மண்ணால் உயர்த்தப்பட்டது. பந்த வெளிச்சத்திலே, பின்னர் பெற்றோமக்ஸ் வெளிச்சத்திலே, விடியுமட்டும் ஆட்டம் நிகழ்ந்தது. முடியிலும் தோளணியிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் அச்சிறு ஒளியை வாங்கித் திருப்பின; வடமோடி அரசனின் கரப்புடுப்பு அவனைப் பருத்தவனாக்கித் தொலைவிலிருப்போர்க்கும் புலப்படுத்தியது; அவன் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடினர். ஒலிபெருக்கியும் ஒளிவிளக்கும் செய்யும் வேலையை உடையும் தாளமும் குழுவின் குரலும் செய்தன. கிடைத்த பொருளுக்கு ஏற்ப வடிவம் அமைந்ததற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அறுபதுகளிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ (1962) முதலாய கூத்துக்களைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். அழிந்துபோகவிருந்த கலைக்குக் கற்றோரிடையே மதிப்புத் தேடித்தந்த பெரும்பணி அது. ஆயினும் வட்டத்தை விட்டு மண்டபத்துள் நுழைந்த கூத்து, மின்விளக்கையும் மண்டப வாடகையையும் கூடவே சுமக்கலாயிற்று. 2022 மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய இந்நாட்டில், மின்சாரமின்றிப் பேசத் தெரியாத அரங்கு எத்துணை ஊமையானது என்பதை விளக்க வேண்டுமா?

களரிக்கே திரும்புவோம் என்று இதனைப் பொருள் கொள்ளற்க. யார் ஆடலாம், யார் எவ்விடத்தில் நின்று பார்க்கலாம் என்பதைச் சாதி விதித்த களரியும் நம் நாட்டிலே இருந்தது. அதன் எளிமையைப் புகழ்ந்து பாடுவோர் இதனை வசதியாக மறந்துவிடுகின்றனர். அன்றியும், கிராமத்துக் கலைஞனின் வறுமைக்குச் ‘சூழல் நேயம்’ என்று பெயர்சூட்டி அவனை அங்கேயே இருத்துவது மோசடி. களரியிலிருந்து நாம் பெறவேண்டியது கையிலுள்ளதைக்கொண்டு ஆக்கும் நாடகவறிவே, பந்தத்தையன்று.

பாடசாலை மேடைகளைப் பாருங்கள். றிஜிபோமில் வெட்டிய தூண்கள், பிளாஸ்ரிக் மாலைகள், பின்னால் பெரிய பிளெக்ஸ் பதாகை. அரைமணி நேர நாடகம் முடிந்ததும் யாவும் குப்பைமேட்டுக்கோ தீக்கோ போகின்றன. 2017இல், மீத்தொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட அதே ஆண்டில், கலாசார நிகழ்வுகளிலே பொலித்தீன் அலங்காரத்தைத் தடைசெய்யும் ஒழுங்குவிதி பிறந்தது. றிஜிபோம் உணவுப்பெட்டிகளும் தடைக்குள்ளாயின. மாணவரின் றிஜிபோம் தூணுக்குப் புள்ளியிடும் நடுவர்கள் அவ்வொழுங்குவிதிகளின் நோக்கத்தைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக. பலகையும் துணியும் உடையும் முடியும் ஒரு கோட்டத்துப் பாடசாலைகளுக்கெல்லாம் பொதுவாய் இருந்தால், வசதியற்ற பாடசாலை மாணவனும் கர்ணனாக முடியும். பெருநிதியொன்றும் வேண்டியதில்லை. பொதுமண்டபத்திலே ஈரம் கசியாத ஓர் அறையும், வாங்கியதையும் திருப்பித் தந்ததையும் பதியும் ஒரு பேரேடும் இருந்தால் நாளையே தொடங்கலாம்.