உளுந்தை யார் ஊறப்போடுவது?

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் தாத்தா பாட்டி காலத்து வேலைப் பங்கீட்டை ஒரேயடியாகப் பழிக்க முடியாது. ஏர் ஓட்டுவது, கமலை இறைப்பது, விறகு பிளப்பது ஆணுக்கு. நடவு, களை, அடுப்படி, பிள்ளைகள் பெண்ணுக்கு. யார் எதைச் செய்வது என்பதில் குழப்பம் இல்லை. மாமியார், ஓரகத்தி, நாத்தனார் என்று பெண்களுக்குள் கைமாற்றிக்கொள்ளவும் வழியிருந்தது. குறை வேறிடத்தில். ஆணின் வேலை பொழுது சாய்ந்ததும் முடிந்தது. பெண்ணின் வேலை படுக்கும்வரை முடியவில்லை.

பம்புசெட்டும் டிராக்டரும் கேஸ் அடுப்பும் வந்தபின் ஆணின் பங்கில் பெரும்பகுதி இயந்திரத்துக்குப் போனது. மிக்ஸியும் கிரைண்டரும் பெண்ணின் கைவலியைக் குறைத்தன. ஆனால் அரைப்பது அவள் வேலையாகவே நின்றது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இம்மாவட்டத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவைத்தது. ஊரார் கேலியை மிதித்துத் தாண்டிய அந்தத் துணிச்சல் மகத்தானது. ஆனாலும் தண்ணீர்க்குடம் இடுப்பிலிருந்து கேரியருக்கு மாறியதே தவிர, கணவன் கைக்கு மாறவில்லை.

இன்றைய தம்பதியரிடம் மாற்றம் இருக்கிறது; அதை மனதார வரவேற்க வேண்டும். கணவர் காய் நறுக்குகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார், வாஷிங் மெஷினைப் போடுகிறார். ஆனால் நாளைய இட்லிக்கு இன்று உளுந்து ஊற வேண்டும் என்பது யார் நினைவில் இருக்கிறது? சிலிண்டர் தீரப்போவதும், யூனிஃபார்ம் இன்னும் காயாததும் யார் கவலை? “சொன்னா செய்யமாட்டேனா?” என்கிறார் அவர். நினைவு வைத்துச் சொல்வதும் ஒரு வேலைதான். அது இன்னும் பங்கிடப்படவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்போ, செய்யும் வேலையிலேயே இடைவெளி பெரிதாக இருப்பதைக் காட்டுகிறது. நாடு முழுவதும், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் 2019-ல் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. 2024-ல் அது 289, 88. இருவருக்குமே வேலை சற்றுக் குறைந்தது. இடைவெளி மட்டும் 200 நிமிடத்துக்குக் குறையவில்லை.

ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்பதும் நிற்காத சமாதானம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அறையெடுத்துத் தங்கும் நம்மூர் ஆண்கள் முறைபோட்டுச் சமைக்கிறார்கள். ஊர் திரும்பியதும் பலருக்கு அந்தக் கை மறந்துபோகிறது.

தமிழக அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை, வீட்டுவேலையும் உழைப்பே என்று மாதம் 1,000 ரூபாயால் ஒப்புக்கொண்டது. அது நல்ல தொடக்கம்; ஆனால் வேலையைப் பங்கிட அரசால் முடியாது, வீடுதான் செய்ய வேண்டும். துண்டு துண்டாக உதவுவதைவிட, ஒரு வேலையை முழுதாக ஏற்பதே சரியான வழி. காலை டிபன் கணவர் பொறுப்பு என்றால், உளுந்து ஊறப்போடுவது முதல் பாத்திரம் கவிழ்ப்பது வரை அவருடையது. மனைவி அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லாத நாளில்தான் பங்கீடு நடந்ததாகச் சொல்லலாம்.