வைக்கோலிலிருந்து எத்தனால்: பானிபட் சொல்லும் கணக்கு

2022 ஆகஸ்ட் 10 அன்று ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் எத்தனால் ஆலை திறக்கப்பட்டது. செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது இலக்கு. அரிசியையும் மக்காச்சோளத்தையும் எத்தனாலுக்கு அனுப்பும் நாட்டில், யார் தட்டிலும் கைவைக்காத மூலப்பொருள் வைக்கோல்தான். வயலில் எரிந்து வட இந்தியாவையே மூச்சுத்திணற வைக்கும் பொருள் விலைபோகிறது என்றால், அதை வரவேற்காமல் இருக்க முடியாது.

ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். 2 லட்சம் டன்னுக்கு 3 கோடி லிட்டர் என்றால் டன்னுக்கு 150 லிட்டர், எடையில் சுமார் 118 கிலோ. ஒரு டன் வைக்கோலில் உள்ள சர்க்கரை முழுவதும் எத்தனாலாக மாறினால் ஏறத்தாழ 300 கிலோ கிடைக்க வேண்டும். இலக்கே அதில் பாதியை எட்டவில்லை.

காரணம் வைக்கோலின் கட்டமைப்பு. அதிலுள்ள செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிகளை லிக்னின் இறுகப் பிணைத்திருக்கிறது. அமிலத்தாலும் நீராவியாலும் அந்தப் பிணைப்பைத் தளர்த்தும்போதே ஃபர்ஃப்யூரல், அசெட்டிக் அமிலம் போன்றவை உண்டாகி, அடுத்து வேலைக்கு வரும் ஈஸ்ட்டை முடக்குகின்றன. பிறகு அந்தச் சங்கிலிகளைச் சர்க்கரையாக வெட்ட நொதிகள் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுக்கூட்டத்தில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகளை அரித்த டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சைதான் இன்றும் இந்த நொதிகளின் முக்கிய ஊற்று. அவை இன்னும் மலிவாகவில்லை. சாதாரண ஈஸ்ட்டோ குளுக்கோஸைத் தின்னும், ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரையைத் தொடாது. 1990களில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ குழுவினர் மரபணு மாற்றத்தால் அதற்கும் வழி கண்டார்கள். உயிரியல் தன் பங்கைப் பெருமளவு செய்துவிட்டது என்றே சொல்வேன்.

சறுக்கல் ஆலையிலும் வயலிலும்தான். பயிர்க்கழிவிலிருந்து எத்தனால் எடுக்க அமெரிக்காவின் கான்சாஸில் அபெங்கோவா நிறுவனம் 2014-இல் திறந்த ஆலை அடுத்த ஆண்டே நின்றது. ஐயோவாவில் டூபாண்ட் 2015-இல் திறந்ததை 2017-இல் கைவிட்டது. ருமேனியாவில் கிளாரியண்ட் 2022-இல் உற்பத்தி தொடங்கி 2023 முடிவில் மூடியது. கடன், எண்ணெய் விலைச் சரிவு என்று காரணங்கள் பல. மண்ணும் கல்லுமாக வரும் வைக்கோல் கட்டுகளும் இத்தகைய ஆலைகளுக்குத் தீராத தொல்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் இன்னொரு நெருக்கடி உண்டு. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் வந்த சட்டங்கள் நாற்று நடவைத் தள்ளிப்போட்டன. அதனால் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பது இரண்டு மூன்று வாரங்கள். அதற்குள் கட்டும் இயந்திரம் வராவிட்டால் விவசாயி தீவைக்கத்தான் செய்வார். அவரைக் குற்றவாளியாக்குவது அநியாயம்.

வைக்கோலுக்கு இன்னொரு வழியும் உண்டு. டூபாண்டின் ஐயோவா ஆலையை 2018-இல் வாங்கிய ஜெர்மனியின் வெர்பியோ, அங்கே எரிவாயு எடுக்கத் திட்டமிட்டது. அதே நிறுவனம் 2022 அக்டோபரில் பஞ்சாபின் லெஹ்ராகாகாவில், நாளுக்கு 33 டன் அழுத்தப்பட்ட எரிவாயு தரும் வைக்கோல் ஆலையைத் திறந்தது. இங்கே வேலை செய்வது பல நுண்ணுயிர்களின் கூட்டம். நொதியை விலைக்கு வாங்க வேண்டாம், தூய ஈஸ்ட்டைக் காக்க வேண்டாம். மிச்சக் கழிவு சாம்பல்சத்தோடு வயலுக்கே எருவாகத் திரும்பலாம். நுண்ணுயிர்களின் செரிமானம் மெதுவானது, லிக்னின் இங்கும் அசையாது, எரிவாயுவிலுள்ள மீத்தேன் கசிந்தால் பருவநிலைக்குக் கேடு. இருந்தும் வைக்கோலுக்கு இதுவே பொருத்தமான வழி என்பது என் முடிவு.

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்த சர்க்கரையை எரிபொருளாக்குவதும் எனக்கு உறுத்துகிறது. குளுக்கோஸ் எத்தனாலாகும்போது எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுகிறது. லாக்டிக் அமிலமாக்கினால் அந்த இழப்பு இல்லை. அதிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் செய்யலாம். வழக்கமான முறையில் லாக்டிக் அமிலத்தைச் சுத்திகரிக்கும்போது டன்னுக்குச் சுமார் ஒரு டன் ஜிப்சம் சேரும் என்பது அதன் குறை. அதைத் தீர்க்கும் ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணம் வீணாகாது.

பானிபட் ஆலை எழுந்தது பொதுத்துறைப் பணத்தில். ஆண்டுதோறும் எவ்வளவு வைக்கோல் வாங்கியது, எத்தனை லிட்டர் எடுத்தது, விவசாயிக்கு டன்னுக்கு எவ்வளவு கொடுத்தது என்ற மூன்று எண்களையும் அரசு மக்கள் முன் வைக்கட்டும். அடுத்த ஆலைக்கு நிதி ஒதுக்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.